அகாய்தி படுக்க மறுத்தாள்

மருந்துக்கடையில் வாங்கிய சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்ததும் அகாய்தி அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கு அடியில் புதைத்துவிட்டு, வீட்டின் பின்னால் இருந்த சேம்பு வயலில் இறங்கிக் களை பறிக்க ஆரம்பித்தாள். முழங்கால் வரை சேறு. சமையலறையில் கணவன் தமாதோவா மகள் மிரியாவுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அவன் சந்தோஷத்தில் துள்ளுவான். துள்ளி முடித்ததும் அவன் அம்மாவுக்குப் போன் போடுவான். அம்மா பாயோடு வந்துவிடுவாள்.

பாய் என்றாலே அகாய்திக்கு ஆகாது.

மிரியா வயிற்றில் இருந்தபோது, ஆரம்பத்தில் ஒருநாள் துளி ரத்தம் பட்டது. அன்றைக்கே மாமியார் மெரியானா தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து மருமகளைப் படுக்கவைத்துவிட்டாள். கழிப்பறைக்கு எழுந்திருக்கலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகக்கூடாது. பாதிரியாரே வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவும் எறியவும் பழக்குகிற ஆசிரியை அகாய்தி. மாதக்கணக்கில் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிரசவம் முடிந்து எழுந்தபோது தொடை இரண்டும் சூம்பிப்போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மிரியா கொழுகொழுவென்று நன்றாகப் பிறந்தாள். வந்தது வினை. படுத்துக் கிடந்ததால்தான் பிள்ளை தங்கியது என்று பசிபிக் கடலில் இருக்கும் அந்த ரரோதோங்கா தீவைச் சுற்றிப் பேச்சாகிவிட்டது. படுக்காமல் இருந்திருந்தால்? அப்போதும் தங்கியிருக்குமா? யாருக்கும் தெரியாது. அகாய்திக்கும் தெரியாது. கோபத்தில் 'அதெல்லாம் இல்லை' என்று மனசுக்குள் கத்துவாள். அடுத்த நொடி, 'ஒருவேளை...' என்று இழுக்கும். ஐந்து வருஷமாக அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அந்த 'ஒருவேளை'தான்.

இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் கிளினிக்குக்கு மட்டும் போனாள். நர்ஸ் துவைனே தமாதோவாவுக்குத் தூரத்து அக்கா முறை. அந்தத் தீவில் யார்தான் முறை இல்லை!

"வீட்டுல சொல்லலியா?" என்றாள் துவைனே, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே.

"சொல்லணும். அக்கா, நீங்க எதுவும்..."

"இங்க கேட்டதை இங்கயே விட்டுட்டுத்தான் வாசல்ல செருப்பை மாட்டுவேன். கேளு, நல்லாத்தான் இருக்கே. முன்னாடி என்னென்ன பண்ணிட்டு இருந்தியோ அதைப் பண்ணு. நட, நீந்து. வாய் பேசிக்கிட்டே செய்ய முடியணும், அதான் அளவு. மூச்சு முட்டுச்சுன்னா குறைச்சுக்கோ. வெயில்ல வேகாதே, தண்ணி நெறைய குடி."

"துடுப்பு?"

துவைனே நிமிர்ந்து பார்த்தாள். "உள்தண்ணியிலயா? பவளப்பாறைக்கு வெளியிலயா?"

"உள்ளதான்," என்றாள் அகாய்தி. பொய்.

"உள்ளேன்னா போ. வெளியே அலையில கவிழ்ந்து, மரம் ஏதாவது வயித்துல இடிச்சா அப்புறம் நான் என்ன பண்றது? அந்த விளையாட்டு மட்டும் வேணாம். ரத்தம் பட்டுச்சு, வலிச்சுச்சுன்னா உடனே வா."

நவம்பரில் படகுப் போட்டி. ஆறு பெண்கள், ஒரு பக்கம் மிதவை கட்டிய நீளமான படகு, பாறைக்கு வெளியே திறந்த கடல். மூன்று வருஷமாக அகாய்திக்கு ஐந்தாவது இருக்கை. அவளுக்குப் பின்னால் சுக்கான் துடுப்போடு அணித்தலைவி மராமா. முன்னால் சின்ன வயசிலிருந்து சிநேகிதி தேய்னா. போட்டியை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். இன்னும் ஒரு பயிற்சி, இன்னும் ஒன்று என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அந்த நாட்களில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விடிந்ததும் கடற்கரையில் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தானும் ஓடினாள். சாயங்காலம் துடுப்பு. வீட்டுக்கு வந்தால் துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். "உனக்குப் பேய் பிடிச்சிருக்கா, அகா? சித்த உக்காரேன்," என்பான் தமாதோவா. உட்கார்ந்தால் குமட்டியது. குமட்டினால் பயமாக இருந்தது. குமட்டல் இல்லாத நாளில் அதைவிடப் பயமாக இருந்தது. உடம்பு கேட்டுத்தான் இப்படி ஓடுகிறோமா, அந்தப் பாயை விட்டு ஓடுகிறோமா என்று அவளுக்கே புரியவில்லை.

ஒருநாள் படகுக் கொட்டகைக்குப் பின்னால் அவள் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவதைத் தேய்னா பார்த்துவிட்டாள்.

"என்னத்தடி தின்ன?"

"நேத்து மீன்."

"நேத்து மீனா? உன் புருஷன் பிடிச்ச மீனா இருக்கும். அவனை மாதிரியே நாறியிருக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் துடுப்பை எடுக்கும்போது ஒருதடவை திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் கடைசியில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடித்தது. வெளியே போய்த் திரும்பி, பவளப்பாறையின் இடைவெளிக்குள் நுழையக் காத்திருந்த நேரத்தில், பக்கவாட்டில் ஓர் அலை வந்து மிதவையைத் தூக்கியது. "சாய்! இடப்பக்கம் சாய்!" என்று மராமா கத்தி முடிப்பதற்குள் ஆறு பேரும் தண்ணீரில்.

படகு கவிழ்வது அவர்களுக்குப் புதிதல்ல. யார் என்ன செய்ய வேண்டும் என்று பழகிவைத்ததுதான். ஒருத்தி துடுப்புகளைப் பொறுக்குவாள். இரண்டு பேர் மிதவைக்குக் கீழே போய் மேலே தள்ளுவார்கள். அகாய்தியின் வேலை, கவிழ்ந்து கிடக்கிற படகின் முதுகில் ஏறி நின்று, மிதவையைப் படகோடு இணைக்கிற குறுக்குக் கழியை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுப்பது. படகு புரளும்போது அவள் மல்லாக்கத் தண்ணீரில் விழுவாள். எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே விழுந்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் படகைத் தொட்டாள், ஏறவில்லை. ஒரு கை தானாகவே வயிற்றுக்குப் போயிருந்தது. மிதவைக்கும் படகுக்கும் நடுவே மரம் ஆடி ஆடி இடிப்பதைப் பார்த்துக்கொண்டே மிதந்தாள்.

"ஏறுடீ!" தேய்னா கத்தினாள். "என்னடி வேடிக்கை பாக்கிற? அகாய்தி!"

அலை அவர்களைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளையாக நுரை பொங்குகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. வேறு யாராவது ஏறுவார்கள் என்று அவளும், அவள்தான் ஏறுவாள் என்று மற்றவர்களும் காத்திருந்தார்கள். பிறகு எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஏறினாள், கழியைப் பிடித்தாள், இழுத்தாள். படகு புரண்டது. அவள் விழுந்தபோது குறுக்குக் கழி இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டு போனது.

தண்ணீரை இறைத்துவிட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படகை மணலில் ஏற்றியதும் மராமா அவள் முன்னால் வந்து நின்றாள். மீன் பதனிடும் இடத்தில் ஆண்களை அதட்டி வேலை வாங்குகிற பெண். குரல் எப்போதும் கனமாகத்தான் வரும்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. கால் வழுக்கிடுச்சு."

"வழுக்கணும்னா மொதல்ல காலை வைக்கணும்டீ. நீ வைக்கவே இல்லை. நான் பாத்தேன்."

தேய்னா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவ முழுகாம இருக்கா, மராமா."

அகாய்தி அவளை முறைத்தாள். "யாரு சொன்னா?"

"நேத்து மீன் சொல்லுச்சு. போடீ."

மராமா பேசியபோது குரல் இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நீ துடுப்பு போட்டது தப்புன்னு நான் சொல்லல. நானே ரெண்டாவது வயித்துல இருக்கும்போது மாசக்கணக்கா போட்டவ. உள்தண்ணியில. எல்லாருக்கும் தெரிஞ்சு. படகு கவுந்தா நீ ஏறுவேன்னு நம்பித்தான் மத்த அஞ்சு பேரும் தண்ணியில மிதந்தோம். ஏற மாட்டேன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏறியிருப்பேன். இன்னிக்குப் பாறையில யாராவது தலை மோதியிருந்தா?"

அகாய்தி துடுப்பைக் கொட்டகையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் குளிக்கப் போனபோது துணியில் ரத்தம் பட்டிருந்தது. அதிகமில்லை. ஆனால் மிரியா வயிற்றில் இருந்தபோது பட்ட அதே நிறம். சுவரில் சாய்ந்து அப்படியே நின்றாள். ஷவர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'நான்தான் செய்தேன். நானே செய்துவிட்டேன்.' ஓடிக்கொண்டே இருந்தவள் முதல் தடவையாக அசைய முடியாமல் நின்றாள்.

தமாதோவா வந்து கதவைத் தட்டினான். "எவ்ளோ நேரம்? மிரியா ஒண்ணுக்குப் போகணுங்கறா."

கதவைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். குச்சி, துவைனே, வெளிக்கடல், கவிழ்ந்தது, ரத்தம். தமாதோவா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன், பெரிய உடம்பு. குளியலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத்தான் கடைசியில தெரியுதா?" என்றான்.

"உன்கிட்ட சொன்னா உங்கம்மாகிட்ட சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன். அதுக்காக?" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, சொல்லாதேன்னு நீ சொல்லியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். நீ என்னைக் கேக்கவே இல்லையே, அகா," என்றான்.

மிரியா இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே ஓடினாள். அவளுக்கு அவசரம்.

கிளினிக்குக்குப் போன் செய்தார்கள். ரத்தம் கூடினாலோ வலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் காலையில் வந்தால் போதும் என்றாள் துவைனே. அந்த இரவு எப்படியோ போயிற்று. பொழுது விடிந்தபோது மெரியானா வாசலில் நின்றாள், கக்கத்தில் பாயோடு. தமாதோவா சொல்லவில்லை, மிரியா சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டுப் போனில்.

"முதல்ல கிளினிக், அத்தே," என்றாள் அகாய்தி. "அப்புறம் பேசலாம்."

மூன்று பேருமாகப் போனார்கள். ஸ்கேன் அறையில் மங்கலான வெளிச்சம். துவைனே கருவியை வயிற்றில் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். அகாய்தி திரையைப் பார்க்காமல் துவைனேயின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் தளர்ந்தது.

"இதோ. துடிக்குது பாரு. குதிரை மாதிரி."

சாம்பல் நிறத்தில் ஒரு அவரை விதை. அதற்குள் ஏதோ மின்னி மின்னி அடித்துக்கொண்டது. தமாதோவா மூக்கை உறிஞ்சினான்.

"அப்ப ரத்தம்?" என்றாள் மெரியானா.

"சில பேருக்கு இப்படிப் படும், அத்தை. இவ உடம்பு வாகு அப்படி இருக்கலாம். கழி இடிச்சது எலும்புல, வயித்துல இல்ல. கவுந்ததாலதான்னு சொல்ல முடியாது." அகாய்தி பக்கம் திரும்பினாள். "உள்தண்ணின்னு என்கிட்ட சொன்னியே, அது பொய்யி. அதை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்கு ரத்தம் நிக்கிற வரைக்கும் மெதுவா இரு. அப்புறம் நடக்கலாம்."

"படுத்தே இருக்கணுமில்ல?" என்று மெரியானா விடவில்லை.

"படுத்துக் கிடந்தா பிள்ளை தங்கும்னு இப்ப எந்த டாக்டரும் சொல்றதில்ல, அத்தை. அன்னிக்கும் அதனாலதான் தங்குச்சான்னா, எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்தார்கள். தமாதோவா வேலைக்குப் போனான். மெரியானா பாயைக் கூடத்தில் விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, நின்றாள். அகாய்தி எதிரே நின்றாள். இரண்டு பேரும் உட்காரவில்லை.

"நான் படுக்க மாட்டேன், அத்தே."

"உன்னை யாரு கட்டிப்போட்டா?"

"போன தடவை கட்டித்தான் போட்டீங்க. எழுந்து நின்னப்ப என் கால் என்கிட்ட இல்ல. உங்களுக்கு அது தெரியாது. நான் சொல்லல."

மெரியானா வெளியே சேம்பு வயலைப் பார்த்தாள். எப்போதும் பொரிந்து தள்ளுகிறவள், சொல்லைத் தேடினாள். "தமாதோவாவுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு," என்றாள். "ஆரஞ்சுத் தோட்டத்துல பெட்டி தூக்கிக்கிட்டு இருந்தேன். கப்பல் வந்து நின்னுடுச்சுன்னு எல்லாரும் ஓடி ஓடித் தூக்கினோம். அன்னிக்குப் போச்சு. தூக்கினதாலன்னு டாக்டர் சொல்லல. எங்கம்மாவும் சொல்லல. நானாத்தான் சொல்லிக்கிட்டேன். இன்னி வரைக்கும்."

 நேற்று குளியலறையில் அகாய்தி தனக்குள் சொல்லிக்கொண்டதும் அதேதான்.

"அத்தே, படுத்துக் கிடந்தாலும் சிலது போகும். அப்ப பழியை யாரு மேல போடுவீங்க?"

"வாயைக் கழுவு," என்றாள் மெரியானா. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் தானே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அகாய்தியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். படுக்கவில்லை.

ரத்தம் நின்றது. சில நாள் கழித்து அகாய்தி சாயங்காலம் உள்சாலையில் நடக்கக் கிளம்பினாள். பப்பாளித் தோட்டத்தைத் தாண்டியிருப்பாள்; பின்னால் ஸ்கூட்டர் சத்தம், ஆனால் தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் மெரியானா. முன்னால் மிரியாவை நிறுத்திக்கொண்டு, கீழே விழாமல் இருக்க இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து, நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க போறீங்க?"

"எங்கயோ போறேன். ரோடு உங்கப்பன் வீட்டுதா?"

எதிரே ஆட்டை இழுத்துக்கொண்டு வந்த ஒருவர் வழிவிட்டு நின்றார். "என்ன மெரியானா, வண்டியில பெட்ரோல் இல்லியா?"

"மருமகளை மேய்க்கிறேன். நீ உன் ஆட்டை மேய்," என்றாள் மெரியானா.

தினமும் இப்படியே நடந்தது. அகாய்தி வேகம் கூட்டினால் ஸ்கூட்டர் உறுமியது. "பேசிக்கிட்டே நட! பேச முடியலன்னா நில்லுன்னு துவைனே சொல்லியிருக்கா!" என்று பின்னாலிருந்து கத்தல் வரும். அகாய்தி சத்தமாகத் தோத்திரப் பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பாள், மூச்சு இருக்கிறது என்று காட்ட. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மழை பெய்த ஒருநாள் ஸ்கூட்டர் வராதபோது, அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அணியில் எல்லோரிடமும் அவளே போய்ச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். மராமா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில், "சரி, தொடையை இளைக்க விடாதே. அடுத்த வருஷம் வேணும்," என்றாள். ஐந்தாவது இருக்கைக்கு வங்கியில் வேலை பார்க்கும் ரூத் வந்தாள்.

போட்டி நாளில் அகாய்தியால் கரையில் உட்கார முடியவில்லை. துறைமுகச் சுவரோரம் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து நடந்தாள். படகுகள் கரும்புள்ளியாகத் தெரிந்தன, அலைக்குள் மறைந்தன, மறுபடி தெரிந்தன. ஒரு படகு கவிழ்ந்தது என்று யாரோ சொன்னதும் அவள் குதிகாலை உயர்த்திக் கடலைப் பார்த்தாள். வேறு ஊர்ப் படகு. அவளுடைய அணி நான்காவதாக வந்தது. நான் இருந்திருந்தால் மூன்றாவதா என்று ஒரு நினைப்பு வந்தது. இருந்து, கவிழ்ந்திருந்தால் என்று அடுத்த நினைப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, படகை உள்தண்ணீர் வழியாகக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரூத்துக்கு உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. மராமா கரையில் நின்ற அகாய்தியைப் பார்த்தாள்.

"அடியேய் ரெண்டு உயிர்க்காரி! தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. இடுப்பளவு கூட இல்ல. வர்றியா?"

அகாய்தி தமாதோவாவைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். மெரியானா தேங்காய்ப்பாலில் ஊறிய மீனைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன்டா பாக்கிற?" என்றாள். "அவ உக்காந்துதானே போகப்போறா. உக்காருன்னுதானே நானும் சொல்றேன்."

அகாய்தி ஏறி உட்கார்ந்தாள். தேய்னாவின் முதுகு முன்னால். துடுப்பு தண்ணீரில் இறங்கியது. நாலைந்து வீச்சுக்குள் உடம்பு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பயம் போய்விடவில்லை. கழிப்பறைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் முதலில் துணியைத்தான் பார்ப்பாள். ஜூன் மாதத்தில் பையன் பிறந்து வீறிட்டு அழுகிறவரை பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

பாதி வழியில் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"நேத்து மீனா?" என்றாள் தேய்னா, திரும்பாமல்.

"உன் மூஞ்சி," என்றாள் அகாய்தி. ஒரு கை தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து துடுப்பைப் போட்டாள்.